முதுகில் வைத்த விரல்

ஒத்தக்கடை,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

இயேசுவுக்குப் புகழ்.

அன்பு மகன் ஆன்றோவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் ஐரினும் பிள்ளை ஆன்சனும் சுகம். அங்கே மஸ்கட்டில் நீயும் உன் ரூமில் இருக்கிற பையன்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேன். கடிதம் என்றால் கை அப்படித்தான் ஆரம்பிக்கிறது, ஸ்கூலில் சிஸ்டர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். முழுசும் படித்துவிட்டு நாங்கள் சுகமா இல்லையா என்று நீயே பார்த்துக்கொள். அஞ்சாவதோடு நின்றவள் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும், பிழை இருக்கும், பொறுத்துக்கொள். பக்கத்தில் ஆள் இல்லாதபோது உட்கார்ந்து படி.

இந்தக் காலத்தில் லெட்டரா என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். கண்ணுச்சாமி அண்ணன் மகன் மருதுவும் அதைத்தான் கேட்டான். வெள்ளிக்கிழமை எனக்கு ஃப்ளைட்டு பெரியம்மா, ஆன்றோவுக்கு எதுவும் குடுத்துவிடுறீங்களா என்று வந்தான். நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப்பொடியும் தாரேன், கூட ஒரு லெட்டரும் இருக்குடா என்றேன். லெட்டரா, ஏன் பெரியம்மா, வாட்ஸ்அப்பு செத்துப்போச்சா, சொல்லுங்க, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சு ஒட்டிருவோம் என்று சிரித்தான். சிரித்து முடித்த பிறகுதான் சாவு நடந்து வருஷம் திரும்பாத இந்த வீட்டில் அந்தப் பேச்சு பேசிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். பாவம், நல்ல பையன். நானும் சிரித்துத்தான் விட்டேன், சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

போனில் சொல்ல முடியாது ஆன்றோ. நீ கூப்பிடுகிற நேரம் ஐரின் ஜவுளிக்கடை வேலை முடிந்து வந்திருப்பாள். ஸ்பீக்கரில் போட்டுப் பிள்ளை முகத்துக்கு நேரே போனைப் பிடிப்பாள். நீ ஆன்சன், ஆன்சன் குட்டி என்று கூப்பிடுவாய். அவன் போன் வெளிச்சத்தில் உன் முகம் ஆடுவதைப் பார்த்துச் சிரிப்பான். பாருங்க அத்தை, அவுக அப்பா குரல் எப்படித் தெரியுது என்பாள் ஐரின். நான் சமையல்கட்டில் நின்று அடுப்பைத் துடைத்துக்கொண்டிருப்பேன், துடைத்த அடுப்பையே துடைப்பேன். அவனுக்கு உன் குரல் தெரியாது மகனே. என் குரலும் தெரியாது, ஐரின் குரலும் தெரியாது. உன் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. உன் அக்கா ஜாய்ஸுக்கு எப்படியோ அப்படித்தான். இது எனக்கு ஏழு மாசமாக உறுதியாகத் தெரியும். தெரிந்து நான் அதை மறைத்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய் வாசலில் நின்றுவிட்டு வந்தேன். பிள்ளை தூங்குகிறான். பக்கத்து மனையில் புதுசாக மாடி கட்டுகிறார்கள், கல்லை அறுக்கிற மிஷின் காலையிலிருந்து கத்துகிறது, தெருவே காதைப் பொத்திக்கொள்கிறது. இவன் மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறான். ரொம்ப சமத்துப் பிள்ளை, எந்தச் சத்தத்துக்கும் எழுந்திருக்க மாட்டான் என்று தெருவில் எல்லோரிடமும் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வைகாசியில் எதிர்வீட்டு உக்கிரபாண்டி அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து வைத்தார்கள், கொட்டு மேளமும் வேட்டுமாக நம் வாசலை ஒட்டித்தான் போனார்கள். ஆயிரம்வாலா வெடித்து ஜன்னல் அதிர்ந்தது. இவன் தொட்டிலில் புரளக்கூட இல்லை. நான் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். முப்பத்து மூணு வருஷத்துக்கு முன்னால் ஜாய்ஸ் தொட்டில் பக்கத்தில் ஒரு தீபாவளிக்கு இதே மாதிரி நின்றிருக்கிறேன். அப்போதே உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. அவளைப் புதைத்து அன்றைக்கு ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. இல்லை, களைத்துத் தூங்குகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போய் உலை வைத்தேன்.

மாதா திருநாள் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் பால்வாடியில் முகாம் போட்டார்கள். ரெண்டு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கண், காது, கை கால் எல்லாம் பார்க்கிறார்கள், கார்டு போட்டுத் தருகிறார்கள் என்று சொன்னார்கள். ஐரினுக்கு லீவு கிடைக்கவில்லை, நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். நம் ஏரியாவுக்கு மாசாமாசம் வீட்டுக்கு வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிற அகிலாண்டம்தான் அங்கே மணி அடித்துக் காது பார்த்தாள். பிள்ளையை என் மடியில் உட்காரவைத்து முன்னால் ஒரு பொம்மையை ஆட்டினார்கள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது அகிலாண்டம் பின்னால் போய் வலது பக்கம் சின்ன மணியை அடித்தாள். பிள்ளை திரும்பவில்லை. என் வலது கை அவன் முதுகில்தான் இருந்தது. ஒரு விரலால் அவன் தோளுக்குக் கீழே தொட்டேன். திரும்பினான். ஆங், என் தங்கம் கேட்டுட்டான் என்றாள். அப்புறம் இடது பக்கம் அடித்தாள். இடது கை விரலால் தொட்டேன். திரும்பினான். கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள், அவர்கள் கை ஆடுவதைப் பார்த்து இவனும் தட்டினான். கார்டில் காதுக்கு நேரே ரெண்டு டிக் போட்டுக் கொடுத்தாள். முதல் தடவை கை தானாகப் போனது என்று வைத்துக்கொள்ளலாம். ரெண்டாம் தடவை நான்தான் கொண்டுபோனேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொன்னேன், ஆனால் முதல் தடவையை மட்டும் சொன்னேன்.

அந்தக் கார்டை ஐரின் பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறாள். பிள்ளை இன்னும் அம்மா என்று சொல்லவில்லையே என்று கவலை வரும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பாள். காது நல்லா இருக்குல்ல அத்தை, அப்ப பேச்சு வந்துரும்ல என்று என்னிடம் கேட்பாள். வந்துரும்டி, ஆன்றோகூட மூணு வயசுலதான் வாய் தொறந்தான் என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய். நீ பத்தாம் மாசமே ம்மா என்றாய், வருஷம் திரும்புவதற்குள் காக்காவைக் கூப்பிட்டாய், ஜாய்ஸுக்குக் கொடுக்காத சத்தத்தையெல்லாம் ஆண்டவர் சேர்த்து உன் வாயில் கொடுத்துவிட்டார் என்று உன் அப்பா சொல்வார். நான் சொன்ன அந்தப் பொய்யைத்தான் போன மாசம் நீ போனில் எனக்கே திருப்பிச் சொன்னாய். எந்த டெஸ்டும் வேணாம், நானே மூணு வயசுலதானம்மா பேசுனேன் என்றாய். ஆமாப்பா என்றேன்.

இப்போது ஐரின் புதுசாக ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறாள். தான் காலையில் போய் பொழுது சாய்ந்து வருவதால்தான் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையாம், தாய் கூட இருந்து பேசினால் வந்துவிடுமாம், காளவாசலில் அவள் அம்மா அப்படிச் சொல்கிறார்களாம். வேலையை விடப் போகிறேன் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் முன்னால் உட்கார்ந்து ஆடு, மாடு, பூனை என்று படப் புத்தகத்தைக் காட்டித் தொண்டை கட்டுகிறவரை சொல்லிக் கொடுக்கிறாள். பிள்ளை அவள் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான். சாயங்காலம் ஆனால் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்கும். தப்பு என்னுடையது, அழுவது அவள். ஒரே வீட்டுக்குள் இதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் ஆன்றோ.

புதன்கிழமை.

நேற்று அவன் எழுந்துவிட்டதால் நிறுத்தினேன். இன்றைக்குப் பேனாவும் மாறிவிட்டது, பழையதை அவன் சுவரில் தேய்த்து முடித்துவிட்டான். சுவரைப் பார்த்தால் நீ திட்டுவாய். இருக்கட்டும், வெள்ளையடித்துக்கொள்ளலாம்.

மூட்டுவலிக்குக் கரண்ட் வைக்கப் புதன்கிழமை புதன்கிழமை போகிறேன் என்று உங்கள் ரெண்டு பேரிடமும் சொல்லியிருந்தேன். முட்டிக்கு ஒன்றும் இல்லை. ஜாய்ஸ் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை, தலை சீவவில்லை. காலையில் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டுமே என்று எழுந்திருப்பேன், அது ஒன்றுக்காகத்தான் எழுந்தேன். தைமாசம் அகிலாண்டம் பிரஷர் பார்க்க வந்தவள், இவ்வளவு மெலிந்துவிட்டீர்களே என்று ஒரு பேப்பரை எடுத்துக் கேள்வியாகக் கேட்டாள். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறதா என்று. எல்லாத்துக்கும் நல்லபடியாகச் சொன்னேன். அவள் பேப்பரை மடித்துவிட்டு அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள். யக்கா, ரெண்டு மாசத்து மாத்திர ஒண்ணுகூடப் பிரிக்காம இருக்கு, பிரஷர் மாத்திர உங்களுக்கா இல்ல இந்த அலமாரிக்கா என்றாள். வீட்டுக்குள்ளயே கெடந்தா எப்படிக்கா, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி ஒரு மையம் தொறந்துருக்காக, மனசு விட்டுப் பேசலாம், புதன்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன் என்றாள். மூள ஆஸ்பத்திரியா என்று கேட்டேன். மூள இருக்குறவுக போற ஆஸ்பத்திரிக்கா என்றாள். அவள் வாய்க்கு நம்மால் ஈடு கொடுக்க முடியாது.

முதல் புதன்கிழமை முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டுதான் போனேன், நம் கோயில் பங்குக்காரர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று. மாடியில் பெரியவர்களுக்கு, கீழே சின்னப் பிள்ளைகளுக்கு. மாடியில் தீப்தி என்று ஒரு பெண், ஐரினைவிட ரெண்டு வயசு சிறுசாக இருக்கும். இந்தச் சின்னப் பொண்ணுக்கிட்ட நான் என்னத்தச் சொல்ல என்று நினைத்தேன். அது ஒன்றும் துருவவில்லை, ஜாய்ஸ் போட்டோ இருக்கா, பார்க்கலாமா என்றுதான் கேட்டது. பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவங்களுக்கு என்ன பிடிக்கும் என்றது. இந்தப் பத்து மாசத்தில் அப்படி யாரும் என்னிடம் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்தாளே, உனக்கும் விடுதலை, அவளுக்கும் விடுதலை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஜாய்ஸுக்குக் கண்ணாடி வளையல் பிடிக்கும், ஈரத் துணியை உதறிக் காயப்போடுவது பிடிக்கும், ரோட்டில் பஸ் போகும்போது கதவில் கையை வைத்து அதிர்வதைப் பார்த்துச் சிரிப்பாள் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் வந்தது. அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிள்ளையை விட ஆள் இல்லாததால் ஒவ்வொரு தடவையும் அவனையும் தூக்கிக்கொண்டு போவேன், தரையில் டம்ளரை உருட்டிக்கொண்டிருப்பான். நாலாவது புதன்கிழமை, போன மாசம், பக்கத்து அறையில் யாரோ இரும்பு நாற்காலி அடுக்கைத் தள்ளிவிட்டார்கள். தீப்தி துள்ளியது, நான் மாதாவே என்று நெஞ்சில் கை வைத்தேன். ஆன்சன் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான். தீப்தி அவனைப் பார்த்தது, அப்புறம் என்னைப் பார்த்தது. காது பாத்திருக்காங்களாம்மா என்று கேட்டது. பார்த்தாக, கார்டு இருக்கு, ரெண்டு பக்கமும் டிக் இருக்கு என்றேன். அது ஆன்சன் உருட்டுகிற டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. என் ரெண்டு கையையும் மேஜைமேல் வைத்து, இந்த விரல்தான் கேட்டுச்சு பாப்பா, அவனுக்கு ஒண்ணும் கேக்கல என்று சொல்லிவிட்டேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று திட்டும் என்று இருந்தேன். அன்னைக்கு உங்களுக்கு என்ன பயம் வந்துச்சு என்று மட்டும் கேட்டது. அதற்குப் பதில் சொல்லத்தான் மூணு புதன்கிழமை ஆயிற்று. உனக்கு இப்போது எழுதுகிறேன்.

ஜாய்ஸ் கடைசி ரெண்டு நாள் எப்படி இருந்தாள் என்று உன்னிடம் நான் சரியாகச் சொன்னதில்லை. நீ அடக்கத்துக்கு வந்தபோது திடீரென்று வயிற்றுவலி, போய்விட்டாள் என்றேன். திடீரென்று இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மாசாமாசம் வருகிற வலிதான் என்று ஓமத்தண்ணீர் கொடுத்து ஒத்தடம் வைத்தேன். அவள் என் கையைத் தள்ளினாள். கையை இங்கே அங்கே என்று வைத்துக் காட்டினாள், என் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினாள், எனக்கு விளங்கவில்லை. எனக்கும் அவளுக்கும் மொத்தம் நாற்பது சைகை இருந்திருக்குமா? சாப்பிடு, குளி, துணி, கோயில், அப்பா வருகிறார், தம்பி போன் பண்ணுகிறான், இப்படி. இந்த வலி வேறே வலி, இந்த இடத்தில், நேற்றிலிருந்து, பொறுக்கவில்லை என்று சொல்ல எங்கள் ரெண்டு பேரிடமும் ஒன்றும் இல்லை. புதன்கிழமை காய்ச்சல் வந்தது. வியாழக்கிழமை விடிந்ததும் கண்ணுச்சாமி அண்ணன் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். குடல்வால் வெடித்து விஷம் பரவிவிட்டது, ரெண்டு நாள் என்னம்மா செஞ்சீங்க என்று டாக்டர் கேட்டார். ஒத்தடம் கொடுத்தேன் என்று நான் சொல்லவில்லை. குருத்து ஞாயிறுக்கு மூணு நாள் இருந்தது. முப்பத்து மூணு வயசுப் பெண் தன் வலியைத் தாயிடம் சொல்லத் தெரியாமல் போனாள் ஆன்றோ.

அவளுக்கு அஞ்சு வயசில் காது கேளாத பிள்ளைகள் ஸ்கூலிலிருந்து ஒரு சிஸ்டர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். ஹாஸ்டலில் சேருங்கள், கையால் பேசக் கற்றுக்கொள்வாள், எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வாள் என்றார்கள். ஊமைப் பிள்ளையைக் கண்காணாத இடத்தில் விட முடியாது, நான் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், ஒரு வாசல் தாண்டவிடவில்லை.

இவ்வளவையும் பார்த்தவள் பேரனுக்கு ஏன் அப்படிச் செய்தாள் என்று நீ கேட்பாய். காரணத்தில் பாதி உனக்கும் தெரியும். ஐரின் வீட்டார் சம்பந்தம் பேச வந்த அன்று அவள் அப்பா ஜாய்ஸைப் பார்த்து, பிறவியிலயேவா என்று கேட்டார். உன் அப்பா ஞானசீலன் மிஷன் ஸ்கூல் ஆபீஸில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர், பொய் சொல்லாத மனுஷன் என்று பேர். இல்லிங்க, மூணு வயசுல காய்ச்சல் வந்து காது போச்சு என்றார். நீ தட்டில் இருந்த மிக்சரைக் கிண்டிக்கொண்டிருந்தாய், தலையைத் தூக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் ஜாய்ஸ்தான் எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள், புது வளையல் போட்டிருந்தாள். அவளைப் பற்றி அவள் முன்னாலேயே பொய் சொன்னோம், அவள் சிரித்துக்கொண்டே டம்ளரை நீட்டினாள். கல்யாணம் முடிந்தது. அப்பா போய்விட்டார். அந்தப் பொய்யை இப்போது நானும் நீயும்தான் வைத்திருக்கிறோம். பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி அங்கேதான் போய் நிற்கும், குடும்பத்தில் இருப்பதை மறைத்துப் பெண் எடுத்தார்கள் என்று காளவாசலிலிருந்து வந்து நிற்பார்கள். அன்றைக்கு மணி அடித்தபோது அந்த முகமெல்லாம் என் கண் முன்னால் நின்றது. ஜாய்ஸும் நின்றாள். விரல் போய்விட்டது.

தீப்தி சொன்னது இது. காரணம் பரம்பரையாகவும் இருக்கலாம், பிறந்ததும் மஞ்சள்காமாலை என்று விளக்கு வெளிச்சத்தில் வைத்திருந்தார்களே, அந்தக் காமாலையாகவும் இருக்கலாம், டெஸ்ட் எடுத்தாலும் சில நேரம் தெரியாது, யார் மேலும் பழி வேண்டாம் என்றது. ஆனால் நாள் முக்கியம் என்றது. சின்னப் பிள்ளையிலேயே பிடித்துவிட்டால் காதுக்கு மிஷின் வைக்கலாம், அதில் கேட்கவில்லை என்றால் ஆபரேஷன் இருக்கிறது, கையால் பேசவும் வீட்டாருக்குச் சேர்த்தே சொல்லிக்கொடுப்பார்கள், நாள் தள்ளத் தள்ள மூளை சத்தத்தைப் பழகுவது கஷ்டம் என்றது. ஏழு மாசம் தள்ளியது நான். அகிலாண்டத்திடமும் சொன்னேன். அவள், நான் உங்க கையப் பாத்திருக்கணும்க்கா, பிள்ள மூஞ்சியவே பாத்துட்டேன் என்று அழுதாள். அவள் வேலையையும் நான் கெடுத்திருக்கிறேன்.

மாட்டிக்கொண்டேன் மகனே. ஐரினிடம் சொன்னால் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள், போவதற்கு அவளுக்கு நியாயமும் இருக்கிறது. அப்புறம் இந்த வீட்டில் நானும் ஜாய்ஸ் துணி வைத்த டிரங்குப் பெட்டியும்தான். சொல்லாவிட்டால் என் கண் முன்னாலேயே இன்னொரு ஜாய்ஸை வளர்க்கிறேன். வளர்க்கவே ஆரம்பித்துவிட்டேன். பால் வேண்டும் என்றால் ஆன்சன் என் தாடையைத் தொடுகிறான். அது ஜாய்ஸுக்கு நான் பழக்கியது. எனக்குத் தெரியாமலே இவனுக்கும் பழக்கியிருக்கிறேன். என்ன அத்தை ரெண்டு பேரும் எனக்குத் தெரியாம ஏதோ பேசிக்கிறீங்க என்று ஐரின் சிரிக்கிறாள். நாற்பது சைகையோடு நான் கண்ணை மூடிவிட்டால் அவன் யாரிடம் போய் வயிற்றைக் காட்டுவான்?

அடுத்த புதன்கிழமை மையத்தில் கீழே பிள்ளைக்குக் காது பார்க்கிறார்கள், மறுபடி முதலிலிருந்து. அதில் தெரிந்த பிறகு டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் தூங்கவைத்து மிஷினில் பார்ப்பார்கள், அதற்குத் தாய் கையெழுத்து வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஐரினிடம் சொல்லப் போகிறேன். விரல் வைத்ததையும் சொல்வேன், நீ மூணு வயசில் பேசினாய் என்று சொன்ன பொய்யையும் சொல்வேன். அவள் வேலையை விட்டாலும் பேச்சு வந்துவிடாது, அவள் மேல் தப்பு இல்லை என்று முதலில் சொல்வேன். ஆனால் கல்யாணப் பேச்சில் சொன்ன பொய் நான் சொல்வதற்கு இல்லை. அப்பா இருந்தால் அவர் சொல்லணும், அவர் இல்லை, அது உன் வாயிலிருந்துதான் அவளுக்குப் போகணும். மருது சனிக்கிழமை உன்னிடம் இதைக் கொடுத்துவிடுவான். படித்ததும் எனக்குப் போன் போடாதே, ஐரினுக்குப் போடு. ஸ்பீக்கரை எடுத்துவிடச் சொல்லு. அம்மா வயசானவ, தெரியாம செஞ்சுட்டா என்று எனக்காகப் பேசாதே, தெரிந்துதான் செய்தேன். நீ மிக்சர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்லு. அவள் கத்தினால் கேட்டுக்கொள், போனை வைத்துவிடாதே. நீ பேசவில்லை என்றாலும் ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லத்தான் போகிறேன், ஆனால் பாதிதான் சொல்வேன், மீதியைக் கேட்க அவள் உன்னிடம்தான் வருவாள்.

வெயில் ஆரம்பித்திருக்கும், மத்தியானத்தில் தலையில் துணி கட்டிக்கொள். ஊறுகாயை ரூமில் பங்கு போட்டுக் கொடு, நார்த்தங்காய் உனக்குச் சூடு, ரொம்பத் தின்னாதே. ஜாய்ஸுக்கு வருஷப் பூசைக்குப் பேர் எழுதிக் கொடுத்திருக்கிறேன், குருத்து ஞாயிறுக்கு முந்தின வியாழன் ஆறு மணிப் பூசை, அந்த நேரம் அங்கே உனக்கு நாலரை மணியாம், மருது கணக்குப் பார்த்துச் சொன்னான். எங்கே நின்றாலும் ஒரு நிமிஷம் நின்று அவளுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லு. அவள் வளையலில் ஒன்றை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன், பஞ்சு சுற்றியிருக்கிறேன், உடையாமல் வந்தால் வைத்துக்கொள்.

பிள்ளை எழுந்துவிட்டான். பக்கத்தில் வந்து தாடையைத் தொடுகிறான். ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணி போலக் காக்கட்டும், மாதா உன் கூட நடக்கட்டும், உன் வேலையையும் உன் கை கால்களையும் ஆசீர்வதிக்கட்டும். ஐரினுக்குப் போன் போட மறந்துவிடாதே. சனிக்கிழமையே போடு. புதன்கிழமை அவள் வருவாளோ மாட்டாளோ, அதற்குள் காளவாசலுக்கே போயிருந்தாலும் பிள்ளையை மையத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும் என்று கேட்டுக்கொள்வேன். வந்தாள் என்றால் பிள்ளை அவள் மடியில் இருப்பான். நான் எதிரே பெஞ்சில் உட்காருவேன். பின்னால் மணி அடிக்கும்போது என் ரெண்டு கையும் என் மடியில்தான் இருக்கும்.

உன் அம்மா,
ஞா. தெரசா